போகப்போகிறவர்கள் வீட்டில் ஒரு நாய்

கிருபாகரனின் குடும்பம் கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருந்தது என்பதைவிட, கனடாவுக்குப் போகிற வழியில் அங்கே இறங்கி நின்றது என்றால்தான் பொருந்தும். மொன்றியலில் இருந்த தமையன் எல்லாரையும் கூப்பிட விசா அலுவல் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் தாரிகா தவழ்ந்த காலத்தில் தொடங்கிய அலுவல். அவள் ஏழாம் வகுப்புக்கு வந்தும் அது முடிந்தபாடில்லை. எப்படியும் போகப்போகிறோம் என்று கிருபாகரன் சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட விடமாட்டான். மனைவி ஜீவராணி உடுப்புகளைத் தோய்த்துக் காயவைத்துத் திரும்பவும் சூட்கேசுக்குள்ளேயே வைத்தாள்.

இந்த லட்சணத்தில்தான் மேல்மாடி நமசிவாயம் ஒருநாள் கதவைத் தட்டினார். அவர் லண்டனில் மகளோடு இருக்கப் போகிறாராம். கையில் அவருடைய நாய் டொபியின் சங்கிலி.

"தம்பி, இவனுக்கு ஒரு வீடு வேணும். உங்கட பிள்ளையோட நல்லாப் பழகிட்டான்."

முகத்துக்கு நேரே மறுத்துப் பேச கிருபாகரனுக்கு வராது. "ஒரு கிழமை வச்சுப் பாப்பம் ஐயா" என்று சொல்லிவிட்டான். அந்த வாயை அன்றைக்கு மூடியிருக்கலாம்.

அந்தக் கிழமை முழுக்கத் தாரிகாவை யாரும் எழுப்பவேண்டியிருக்கவில்லை. விடிந்ததும் டொபியைக் கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய் வந்தாள். சாமியறைப் பக்கம் தலைகாட்டக்கூடாது என்று முதல்நாள் சத்தம் போட்ட ஜீவராணி, வெள்ளிக்கிழமை தயிர்ச்சோறு குழைத்து, "இண்டைக்கு நீயும் சைவம்தான்" என்று அதற்கும் வைத்தாள். கிருபாகரன் செய்தி பார்க்கும்போது டொபி அவன் பாதத்தின்மேல் தலைவைத்துப் படுத்தது. கால் விறைத்துப்போயும் அவன் அசைக்கவில்லை. அவனுக்கும் அது பிடித்திருந்தது. வெளியே சொன்னால் குறைந்தா போய்விடுவான்?

ஞாயிற்றுக்கிழமை மூவரும் இருந்து கதைத்தார்கள்.

"எனக்கு ஓம். பிள்ளைக்கும் ஓம். நீங்கள்தான் சொல்லோணும்" என்றாள் ஜீவராணி.

"நாளைக்கே விசா வந்தா நாயை ஆரிட்டக் குடுக்கிறது?"

"வரும்வரைக்கும் வச்சிருப்பமே அப்பா" என்றாள் தாரிகா.

"பழகினாப் பிறகு விட்டிட்டுப் போறது பாவம், பிள்ளை."

பாவம் பார்த்துத்தான் சொல்கிறேன் என்று அவன் உண்மையாகவே நம்பினான். டொபி ஏற்கெனவே பழகிவிட்டதை அவன் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை பழகிவிட்டதையும்தான்.

களனியில் நமசிவாயத்துக்குத் தெரிந்த ஒரு சிங்களக் குடும்பம் டொபியை எடுத்துக்கொண்டது. உலாத்தப் போகிறோம் என்று நினைத்து அது வாலை ஆட்டிக்கொண்டே ஆட்டோவில் ஏறியது. தாரிகா அழவில்லை. அடுத்த நாளிலிருந்து அவளைப் பழையபடி சத்தம் போட்டு எழுப்பவேண்டியிருந்தது.

அடுத்த வருஷம் தமையன் மொன்றியலிலிருந்து போன் எடுத்தார். "தம்பி, அலுவல் சரிவரேல்லை. இனி அதை நம்பி இருக்காதை."

போனை வைத்ததும் கிருபாகரனுக்குக் கனடா ஞாபகத்துக்கு வரவில்லை, டொபிதான் வந்தது. மனம் கேட்காமல், வீட்டில் சொல்லாமல் களனிக்கு பஸ் ஏறினான். கேற்றடியில் படுத்திருந்த டொபி அவனை மோந்து பார்த்துக் கையை நக்கியது. உள்ளேயிருந்து அந்த வீட்டுப் பெண் கூப்பிட்டதும், திரும்பியும் பாராமல் ஓடிவிட்டது. டொபியைத் திருப்பிக் கேட்கப் போனவன், வெளியே வந்தவளிடம் அதைக் கேட்காமல், "ஹொந்தாய் நோனா, ஹொந்தாய்" என்று, நல்லது அம்மா என்பதைத் தெரிந்த சிங்களத்தில் சொல்லித் தலையாட்டிவிட்டுத் திரும்பினான். டொபி நன்றாகத்தான் இருந்தது.

பின்னேரம் தாரிகா படித்துக்கொண்டிருந்த மேசைக்குப் பக்கத்தில் போய் இருந்தான்.

"பிள்ளை, நாங்கள் இனி ஒரு இடமும் போகேல்லை. உனக்கு விருப்பமான நாய்க்குட்டி ஒண்டு எடுப்பம்."

துள்ளி எழும்புவாள் என்றுதான் நினைத்தான். அவள் பேனையைக்கூட வைக்கவில்லை.

"வேண்டாம் அப்பா."

"ஏன் குஞ்சு? கோவமே?"

"இல்லை. நான் ஏ.எல். சோதினை முடிச்சிட்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிடுவன்தானே. அது பிறகு என்னைத் தேடும்."

அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கிறது என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அந்த வருஷங்களைப் போகப்போகிறவளாகவே இருந்து கழிப்பது எப்படி என்று அவளுக்குப் பழக்கியவனே அவன்தான். மேசையடியிலிருந்து எழுந்து போனான்.