அல்லியொத்த

மலைமேல், வளப்பூர் நாட்டின் மூலிகைத் தோட்டத்தில் செடிகளுக்குப் பலகை எழுதும் வேலை யமுனாவுடையது. தாவரவியல் படித்த மலைப் பெண். ஆங்கிலப் புத்தகங்கள் லில்லி போன்ற செடிகளுக்கெல்லாம் ‘லில்லியேஷியஸ்’ என்று ஒரே அடைமொழி போட்டிருந்தன. அகராதியில் லில்லிக்கு அல்லி என்றிருக்க, அவள் ‘அல்லியொத்த’ என்று ஒரு சொல் கட்டினாள். சொல் அழகாக விழுந்ததில் அவளுக்குப் பெருமைதான். ‘செங்காந்தள்: அல்லியொத்த கிழங்குச் செடி’ என்று தோட்ட வேலையாள் தரணிதரன் பெயிண்டில் எழுதி நட்டுவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தப் பாத்தி கிளறப்பட்டுக் கிடந்தது. அப்போதுதான் முளைவிட்டிருந்த செடிகளில் இரண்டைக் காணோம்.

வாசலில் மிளகு விற்கும் கவிதா சொன்னாள்: “காளப்பநாயக்கன்பட்டிக்காரருங்க. பேரு ராசாமணியாம். அல்லிக்கிழங்கு, ஊட்டுல வேகவெச்சுத் திங்கலாம்னு பையில போட்டுக்கிட்டு இப்பத்தான் பஸ் ஏறுனாருங்க.”

ஏரியில் பூக்கும் அல்லியின் கிழங்கைத் தின்கிறவர்கள் உண்டு. ஊரார் கண்வலிக்கிழங்கு என்று சொல்லும் செங்காந்தளோ உயிரைக் குடிக்கும். வழியில் செம்மேட்டில் பஸ் டீக்கு நிற்கும் என்பது யமுனாவுக்குத் தெரியும். ஸ்கூட்டரை முறுக்கினாள். வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

பஸ் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலோரம் மடியில் மஞ்சள் பையோடு ஒரு பெரியவர்.

“ஏனுங்க, ராசாமணி ஐயா நீங்கதானுங்களா? அந்தப் பையைக் குடுங்க. அது கண்வலிக்கிழங்குங்க.”

அவர் கை தானாகவே பையை உதறியது. “கண்வலிக்கிழங்கா? அட சாமி! பலகையில அல்லின்னு போட்டிருந்துச்சே கண்ணு?”

“அல்லி மாதிரின்னு நான்தானுங்க எழுதுனேன். தப்பான சொல்லு. லில்லி வேற, ஏரி அல்லி வேற. லில்லி மாதிரிங்கறது ஆறு இதழ், மண்ணுக்குள்ள கிழங்கு, இப்படிச் செடியோட அமைப்பை வெச்சுச் சொல்ற சொல்லுங்க. வெங்காயத்தைக்கூட ஒரு காலத்துல அந்தக் கூட்டத்துலதான் சேர்த்திருந்தாங்க. திங்கலாமா கூடாதான்னு அது சொல்லாதுங்க.”

“அதை நீதான் சொல்லோணும் கண்ணு,” என்றார் ராசாமணி. கோபமில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“சொல்லிடறேனுங்க. இன்னைக்கே.”

அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, பஸ் கிளம்பும்வரை நின்றாள். பிறகு பையோடு திரும்பினாள்.

புதுச் சொல்லைக் கேட்டுத் தரணிதரன் பிரஷ்ஷோடு முணுமுணுத்தான். “லில்லியொத்தன்னா எழுதறது? லில்லி தமிழே இல்லீங்களே.”

“இல்லைதான். ஆனா லில்லின்னு படிச்சுட்டு யாரும் அடுப்புல ஏத்த மாட்டாங்க. எழுது. அதுக்கு மேல, பெருசா, கண்வலிக்கிழங்கு. பக்கத்துல சிவப்புல, விஷம்.”

“சிவப்பு பெயிண்ட் தீர்ந்துபோச்சுங்க.”

“வாங்கிட்டு வாரேன். பலகையைக் கழட்டி வை,” என்று யமுனா மறுபடி ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.