நாத்தனாரின் சாட்சி

நாத்தனார் வாயைத் திறந்தால்தான் அவள் இந்த நாட்டில் இருக்க முடியும். திறந்தால் அதிலிருந்து என்ன வரும் என்பதுதான் பயம்.

சட்டம் அப்படி. குடிமகனைக் கட்டிக்கொண்டவர் நிரந்தரமாகத் தங்க வேண்டுமென்றால், குடிமகனின் ரத்த உறவு ஒருவர் அலுவலகத்துக்கு நேரில் வந்து, இது நிஜக் கல்யாணம்தான் என்று சொல்ல வேண்டும். அவள் கணவனுக்கு ரத்த உறவென்று இருப்பது ஒரே ஒரு அக்கா. பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்தவள். அவனுக்காகவே கல்யாணம் செய்துகொள்ளாதவள். அதை ஒரு நாளும் யாரையும் மறக்கவிடாதவள்.

முதல் தேதிக்கு நாத்தனாருக்குத் தலைவலி. அடுத்த தேதிக்கு முழங்கால். மூன்றாவது தேதி கொடுத்தபோது கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்ந்திருந்தது. இதற்கும் சாட்சி வராவிட்டால் கோப்பு மூடப்படும். மனைவி நாட்டைவிட்டு வெளியேறி, அங்கிருந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.

அந்த வரியை நாத்தனாரும் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறையும் படித்தாள். அன்றிலிருந்து வீட்டின் கீழ்த்தளமும் இவள் தலையில் விழுந்தது. மாடி அறை இவர்களுக்கு, மற்றதெல்லாம் நாத்தனாருக்கு என்றிருந்த வீடு. இப்போது நாத்தனாரின் சமையலறைத் தரை, நாத்தனாரின் படுக்கை விரிப்பு, நாத்தனாரின் ஜன்னல் கம்பி.

வேலைக்கு அவள் அஞ்சியவள் இல்லை. பல் லேபில் நாள் முழுக்க நின்று செட் பல் செய்கிறவள். மெழுகில் பல்லைப் பதித்து, பிளாஸ்டர் அச்சுக்குள் வைத்து வேகவிட்டு, செயற்கை ஈறு நாக்கில் உறுத்தாத அளவுக்கு மோட்டாரில் தேய்த்துக் கொடுப்பாள். கைவலி பழகிவிட்டது. பழகாதது, ஒவ்வொரு வேலைக்குப் பின்னாலும் வந்த அந்தப் பேச்சு.

"முடியலைன்னா விட்டுடும்மா. எனக்கென்ன. நான் அங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதானே."

கணவன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். உச்சி மாடியில், கீழே கிணறு மாதிரி இருட்டு இருக்க, கம்பியைப் பிடித்துத் தொங்குவான். அங்கே பயம் கிடையாது. அக்கா வீட்டில் இருந்தால் செருப்பைக்கூட ஓசையில்லாமல் கழற்றுவான்.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கோம்மா," என்பான்.

"எத்தனை நாள்னு உங்க அக்காவைக் கேட்டுச் சொல்லுங்க."

"கேட்டா கோபப்படுவா."

"நான் கோபப்பட்டா?"

"நீதான் தங்கமாச்சே."

தங்கம் என்றதற்காகவே அவனை ஓர் அறை அறையத் தோன்றியது.

விண்ணப்பம் தயார் செய்து கொடுத்த ஏஜென்ட் வேறு வழி சொல்லிப் பார்த்தான். போன வருடம் அவளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்திருந்தது.

"ஆஸ்பத்திரி சீட்டு இருக்குமே, புருஷன் பேர் போட்டு? அதை வச்சிடுங்க. துருப்புச் சீட்டு அது. போட்டோவெல்லாம் அதுக்கு முன்னாடி சும்மா."

"வேண்டாம்," என்றாள்.

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம். நான் உங்க நல்லதுக்கு..."

"வேண்டாம்னு சொன்னேன்."

கணவனைப் பார்த்தாள். அவனும் "சரி, வேண்டாம்" என்றான்.

இந்த நாடு அவளுக்கு வேண்டும். லேப் வேண்டும், அவன் வேண்டும். ஆனால் அந்தக் குழந்தையைக் காட்டி வாங்குவதாக இல்லை. அதற்கு வேண்டியவர்கள் இரண்டே பேர். மூன்றாவதாக ஒரு முத்திரை தேவையில்லை.

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் உளறினான்.

"லேப் பக்கத்துல ஒரு வீடு காலியாகுதாம் அக்கா. எல்லாம் முடிஞ்சதும் போய்ப் பார்க்கலாம்னு..."

நாத்தனார் தட்டிலிருந்து கையை எடுத்தாள்.

"யார் பார்க்கிறது?"

"சும்மாதான் அக்கா."

"நீயா வீடு பார்க்கிறே? உன் செருப்பு சைஸே என்னைக் கேட்டுத்தான்டா உனக்குத் தெரியும். இது பல்செட்டு ஏத்திவிட்ட வேலை."

பல்செட்டு என்றால் இவள். கீழ்த்தளத்தில் அவளுக்கு வேறு பெயர் கிடையாது.

"அக்கா, நான் ஒண்ணும்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாதேம்மா. நாளைக்கு நான் பேசுறேன். கண்டிப்பா வர்றேன். உண்மை எதுவோ அதைச் சொல்லிட்டு வர்றேன்."

கணவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் ஒன்றும் இல்லை.

மறுநாள் அலுவலகக் கூடத்தில் நாற்காலிகளைத் தரையோடு சேர்த்து முடுக்கியிருந்தார்கள். யாரும் நகர்த்திப்போட்டு இன்னொருவர் முகத்தைப் பார்த்து உட்கார முடியாது. எதிர் வரிசையில் ஒரு ஜோடி, ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு, ஒருவர் பிறந்தநாளை ஒருவர் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாவம், பரீட்சைக்கு வந்த மாதிரி இருக்கு," என்றான் கணவன், மெதுவாக.

"அவங்களாவது படிச்சிட்டு வந்திருக்காங்க," என்றாள் நாத்தனார்.

அதிகாரி இவர்களைவிட வயதில் சிறியவர். மரியாதையாகத்தான் பேசினார். நிமிர்ந்து மட்டும் பார்க்கவில்லை. படங்களைச் சீட்டுக்கட்டுபோலத் தள்ளினார்.

"எல்லாப் படத்துலயும் ரெண்டு பேரும் கேமராவையே பார்த்துட்டு நிக்கிறீங்க."

"படம் எடுக்கிறவர் அப்படித்தான் நிக்கச் சொன்னார்," என்றாள்.

"வீடு அக்கா பேர்ல. பில்லெல்லாம் அக்கா பேர்ல. உங்க ரெண்டு பேர் பேர்லயும் என்னதான் இருக்கு?"

"கல்யாணப் பதிவு."

"அது இங்க வர்ற எல்லார்கிட்டயும் இருக்கு." ஒரு பக்கத்தைத் திருப்பினார். "நீங்க அவரைவிட நாலு வயசு பெரியவங்க."

"ஆமா."

"எங்கே பழக்கம்?"

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா சார்," என்றான் கணவன். "நான்தான் போய்த் திறந்தேன்."

"சினிமா மாதிரி இருக்கு. அவர் வயசுக்கு இங்கேயே பொண்ணு கிடைக்கலையா?"

அவளிடம் பதில் தயாராக இருந்தது. தொண்டை வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கணவன் மேசையைப் பார்த்து, "எனக்கு இவளைப் பிடிச்சுது சார்," என்றான். உண்மையைச் சொல்லும்போதுகூட மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் அவனுக்குச் சொல்ல வரும்.

அதிகாரி நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. உங்க தம்பியும் இவங்களும் நிஜமாவே குடும்பம் நடத்துறாங்களா?"

"குடும்பமா? இருந்த குடும்பத்தைக் கெடுத்துட்டா சார்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முடிந்தது.

"விவரமா சொல்லுங்க."

கேட்டதுதான் தாமதம்.

"நான் வளர்த்த பையன் சார். கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான். இப்போ சம்பளம் வந்தா நேரா அவ கையில. பஸ்ஸுக்குக்கூட அவகிட்ட வாங்கிட்டுப் போறான். முன்னாடி உப்பு கம்மின்னா என்கிட்ட என்ன சத்தம் போடுவான் தெரியுமா? இவ வேகாததை வச்சாலும் பேசாம முழுங்குறான். லீவு நாள்ல கதவைச் சாத்தினா மத்தியானம் வரைக்கும் திறக்கிறதில்ல, சொல்லவே வெட்கமா இருக்கு. சண்டை வந்தா மாடி அதிரும். என்னமோ ஏதோன்னு முழங்காலைப் பிடிச்சிட்டு ஏறிப் போனா ரெண்டும் சிரிச்சிட்டிருக்கும். என்னைப் பார்த்ததும் கப்சிப். அவளுக்குக் காய்ச்சல்னா இவன் லீவு போட்டுட்டுக் கஞ்சி வைக்கிறான். எனக்கு ஒரு நாள் வச்சானா கேளுங்க!"

ஏதோ கீறும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். அதுவரை பேனாவின் மூடியைக்கூட அவர் திறந்திருக்கவில்லை.

"ம், சொல்லுங்க."

"இப்போ தனிக்குடித்தனம் போகணுமாம். தம்பியை என்கிட்டேர்ந்து பிரிச்சாகணும் அவளுக்கு."

"வீடு பார்த்துட்டாங்களா?"

"இவ வேலை பண்ற இடத்துக்குப் பக்கத்துல. எல்லாம் திட்டம் போட்டாச்சு சார்."

அதிகாரி அதையும் எழுதினார். கணவன் மேசைக்கு அடியில் அவள் காலைத் தன் காலால் தொட்டான். அவனுக்கும் புரிந்துவிட்டது. அங்கே நிறுத்தியிருந்தால் நாத்தனாருக்கு அவள் மனதுக்குள் ஒரு பெரிய கும்பிடு போட்டிருப்பாள்.

"அதுமட்டுமா? எங்க வீட்டுக்குன்னு ஒரு வாரிசு வந்தது. அஞ்சு மாசம். லேபுல மருந்து நெடியில நின்னு நின்னு அதையும் கலைச்சுட்டா."

அதிகாரி முதல்முறையாக நிமிர்ந்தார்.

"அப்படியா? அது ஃபைல்ல இல்லையே. ஆஸ்பத்திரி சீட்டு ஏதாவது?"

"இல்லை," என்றாள்.

"இருக்கு சார்," என்றான் கணவன்.

சட்டைக்குள்ளிருந்து எடுத்தான். பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்புக் கலையாமல். உறையிலிருந்து உருவி மேசைமேல் விரித்து வைத்தான். அவள் பெயர், அவன் பெயர், அதற்குக் கீழே அந்த ஒரு வார்த்தை.

அதிகாரியின் கை நீளுமுன் அவள் உள்ளங்கையை அதன்மேல் வைத்துவிட்டாள்.

"கையை எடுங்க. இதைப் பார்த்தா இன்னைக்கே முடிச்சிடலாம்."

"அப்போ முடிய வேண்டாம்."

"என்னம்மா இது..." என்றான் கணவன்.

"நீங்க பேசாதீங்க." குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "சார், இவர் எப்படித் தூங்குவார், எதுக்குப் பயப்படுவார், எந்தப் பல் சொத்தை, எல்லாம் கேளுங்க, சொல்றேன். இது உங்களுக்கு இல்ல."

"பார்த்தீங்களா சார்? இப்படித்தான் வீட்டுலயும்," என்றாள் நாத்தனார்.

"வீட்டுல உங்ககிட்ட நான் வாயே திறந்ததில்ல அக்கா. மரியாதைன்னு நினைச்சீங்களா? பயம். உங்க ஒரு வார்த்தைக்குப் பயந்து உங்க ஜன்னல் கம்பியைத் தேய்ச்சேன். யார் மேலயும் தப்பில்லைன்னு டாக்டர் உங்க முன்னாடிதானே சொன்னார்? ஆஸ்பத்திரி வராந்தாவுல சுவத்துப் பக்கம் திரும்பிட்டு நீங்க அழுததை நான் பார்த்தேன். அந்த அழுகையை எங்க வச்சிட்டு வந்தீங்க இன்னைக்கு?"

நாத்தனார் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

அவள் தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஏஜென்ட்கிட்ட 'சரி, வேண்டாம்'னு சொன்னீங்களே. அது எந்தச் சரி?"

"உனக்காகத்தான்... உன்னை அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்காகப் பண்ண வேண்டியது ஒண்ணுதான் இருந்துச்சு. அக்கா அதைச் சொன்னப்போ, 'அப்படிப் பேசாதே'ன்னு சொல்லியிருக்கணும். அதுக்கு எந்த ஆபீஸும் சீட்டுக் கேக்காது."

அவள் சீட்டை எடுத்து முந்தின மடிப்பிலேயே மடித்தாள். எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டோம் என்று தெரிந்தது. மறுபடி ஒரு முறை கெடுக்கச் சொன்னாலும் கெடுப்பாள்.

அதிகாரி பேனாவை மூடினார்.

"அதை வச்சுக்கங்க. தேவையில்லை. அம்மா, இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"நீங்க சொன்னதெல்லாம் உண்மைதானே?"

"வரிக்கு வரி உண்மை." அழுத்திப் போட்டாள்.

"'இருவரும் ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழ்ந்து வருவதை நேரில் கண்டவர்.' சரியா இருக்கு."

"இதை நான் எப்போ சொன்னேன்?"

"இவ்வளவு நேரமும் அதைத்தானேம்மா சொன்னீங்க." முத்திரையை எடுத்துக் குத்தினார். சிரித்தபோது அவருடைய முன்பல் ஒன்று மற்றதைவிட வெள்ளையாகத் தெரிந்தது. நிறம் பார்க்காமல் கட்டிய பல். இதைக்கூடக் கவனிக்கிறோமே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

படி இறங்கி முடிப்பதற்குள் நாத்தனார் தேறிவிட்டாள்.

"எப்படியோ, நான் வந்ததாலதான் காரியம் ஆச்சு. வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வருதா பாரு."

கணவன் மனைவி பக்கம் குனிந்தான். "கிடைச்சிடுச்சும்மா. கொஞ்சம் சிரியேன்."

இந்தப் படியில் இறங்கும்போது என்ன செய்வோம் என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறாள். அழுவோம் என்றும், அவன் கையைப் பிடித்துக்கொள்வோம் என்றும். இப்போது அவள் கை மடித்த சீட்டைத்தான் பிடித்திருந்தது. விட முடியவில்லை.

பஸ் வந்தது. நாத்தனார் முதலில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்துத் தம்பிக்கு இடம் பிடித்தாள். அவன் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினான். அவள் ஏறவில்லை.

"ஏறும்மா."

"நீங்க போங்க. நான் லேபுக்குப் போறேன். நடந்தே போயிடுவேன்."

"டேய், ஏறுடா!" என்றாள் நாத்தனார் உள்ளிருந்து.

"ஏறுறீங்களா, இறங்குறீங்களா?" என்றார் டிரைவர்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்தாள். அவனுக்கு இந்த ஒரு விஷயத்தில் உதவி செய்வதாக இல்லை.

கதவு மூடும் சத்தம் கேட்டது. பஸ் கிளம்பிப் போனது. அவள் நடக்க ஆரம்பித்தாள். பின்னால் ஓடிவரும் காலடிச் சத்தம். மூச்சு வாங்க வந்து சேர்ந்தவன் கூடவே நடந்தான். பிறகு பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டான்.

"ஐயையோ. வீட்டைப் பூட்டினது நான்தான். சாவி என்கிட்ட இருக்கு. அக்கா வாசல்லயே நிக்கணுமே."

"நிக்கட்டும்," என்றாள்.