எழுப்பிவிட ஒரு ஆள்

எங்கள் குடும்பத்தில் தூங்குகிறவரை எழுப்புவது குற்றம். எல்லோருக்கும் ஷிப்ட் வேலை. நான் கிடங்கில் இரவு ஷிப்ட். மனைவி ஒரு பெரிய சலவை நிலையத்தில், ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். அவள் அண்ணன், அதாவது என் மச்சான், அதே கிடங்கில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான், அடுத்த தெருவில் வீடு. எந்த நேரத்திலும் யாராவது ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். விசில் வருவதற்கு முன்பே குக்கரை இறக்கப் பழகியிருந்தோம். புருஷன் பெண்டாட்டி சண்டைகூடச் சைகையில்தான் நடக்கும்.

கிடங்கில் மாவு மூட்டை அடுக்கிய இரும்பு ராக் ஒன்று என் மேல் சரிந்தது. மச்சான் மூட்டைகளைக் கையாலேயே இழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தான். விலா எலும்பில் ஒரு கீறல், அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் ஏமாற்றத்தோடு திரும்பினார்கள்.

எலும்பு சேர்ந்தது, தூக்கம் சேரவில்லை. கண் அசந்தால் ராக் சரியும், வாய் நிறைய மாவோடு எழுந்து உட்காருவேன். பகலில் தட்டு கீழே விழுந்தால் நான் மேஜைக்கு அடியில் இருப்பேன், எப்படிப் போனேன் என்று தெரியாது. இரவு ஷிப்ட்டை விட்டுவிட்டால் தூங்கலாம் என்று வேலையை விட்டேன். சம்பளம் இல்லாமல் அதே ஷிப்ட்டை வீட்டில் பார்த்தேன்.

எலும்பு டாக்டர் என்னைத் தூக்க டாக்டரிடம் அனுப்பினார். சின்ன வயது டாக்டரம்மா. நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுக் கொட்டாவி விட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது.

"ராக் விழுந்ததை நான் ஒண்ணும் பண்ண முடியாது. தூக்கத்தை ஏதாவது பண்ணலாம்."

"தூங்கினா எல்லாம் சரியாயிடுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இந்த பயம் உங்ககிட்ட வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. இப்போதைக்கு விருந்தாளி. தூக்கமும் இல்லாம விட்டா, பாய் தலகாணியோட குடிவந்துடும். சில பேருக்கு வருஷக்கணக்கா காலி பண்ணாது. தூக்கத்தை இப்பவே சரி பண்ணினா, அது தங்காம போக வாய்ப்பு அதிகம்."

மாத்திரை கேட்டேன். "எழுந்திருக்கிறதுதான் மாத்திரை" என்றார். எப்போது தூங்கினாலும், தூங்கவே இல்லை என்றாலும், காலை ஆறு மணிக்குப் படுக்கையை விட வேண்டும். பகலில் சாயக் கூடாது. தூக்கம் சொக்கினால்தான் படுக்கை. வரவில்லை என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். இன்னொன்று, கனவின் முடிவை மாற்றி, அந்தப் புது முடிவைப் பகலில் விழித்திருக்கும்போது மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

"என்னவா மாத்தணும்?"

"உங்க கனவு, உங்க இஷ்டம்."

மனைவியிடம் சொன்னேன். "தூக்கம் வராதவனைப் படுக்காதேன்னு சொல்ல ஒரு டாக்டரா?" என்றாள். ஆனாலும் எழுப்புகிறேன் என்று ஒப்புக்கொண்டாள்.

மறுநாள் விடிகிற நேரத்தில்தான் எனக்குக் கண் அசந்தது. விழித்தபோது மத்தியானம். அலாரத்தை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை தொங்கவிட்டு, சத்தம் போடுகிறது என்று ஃபிரிட்ஜையும் அணைத்து வைத்திருந்தாள். பால் திரிந்துபோயிருந்தது.

"எப்படிங்க எழுப்புறது? வாயைத் திறந்துக்கிட்டுக் குழந்தை மாதிரி தூங்குறீங்க."

அன்று இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. அடுத்த நாளும் இதே கதை. டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"உங்க குடும்பத்துல ஈவு இரக்கம் இல்லாதவங்க யாராவது இருக்காங்களா?"

"மச்சான் இருக்கான்."

மச்சானை விபத்துக்குப் பிறகு பகல் ஷிப்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். "எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள. படுத்தா பொணம்தான். ஆறு மணிதானே? வரேன்" என்றான்.

வந்தான். கதவை உதைத்தான். போர்வையை உருவினான். "எழுந்திருடா கும்பகர்ணா!" என்றான். மனைவி அவனை அண்ணன் என்றும் பார்க்காமல் திட்டினாள். அவன் காதில் வாங்கவில்லை. நான் பல் துலக்கும் வரை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

முதல் வாரம் நடைப்பிணமாகத் திரிந்தேன். பிறகு சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் கண் சொக்க ஆரம்பித்தது. கனவில் மூட்டைக்குள் மாவுக்குப் பதிலாகப் பஞ்சு வைத்திருந்தேன். அதை மச்சானிடம் சொன்னேன்.

"பஞ்சா? கையில கிடைச்ச வாய்ப்பை வீணாக்கிட்டியே. சூப்பர்வைசரைக் கீழ நிக்க வெச்சிருக்கலாம்ல?"

பஞ்சு ஓரளவு வேலை செய்தது. தட்டு விழுந்தபோது திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

தூக்கம் திரும்பிய பிறகுதான் மற்றவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. ஒரு நாள் காலையில் மச்சானை உற்றுப் பார்த்தேன். விடியற்காலையில் எழுந்து வருகிறவன் கன்னத்தில் தலையணைத் தடம் இருக்கும், ஒரு பக்கத்து முடி நட்டுக்கொண்டு நிற்கும். இவன் கன்னம் இஸ்திரி போட்டதுபோல இருந்தது. நேற்றுப் போட்ட அதே சட்டை. இத்தனைக்கும் இவன், தங்கையின் கல்யாணத்துக்கே தூங்கிவிட்டுப் பந்திக்குத்தான் வந்து சேர்ந்தவன்.

"மச்சான், நீ தூங்குறியா?"

"அதான் சொன்னேனே. பொணம்."

"பொணம் டாண்ணு ஆறு மணிக்கு வராது."

அவன் போர்வையை மடிக்க ஆரம்பித்தான். போர்வை மடிக்கிற ஆள் இல்லை அவன். மடித்ததைக் கீழே போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தான்.

"நிஜத்துல உன்னை எடுத்துட்டேன். கனவுல இழுத்துக்கிட்டே இருக்கேன் மாப்ள. கடைசி மூட்டையையும் எடுக்கிறேன். கீழ வெறும் தரைதான் இருக்கு. நீ இல்ல."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்.

"டீ குடிக்கப் போயிருப்பேன்."

"என்ன?"

"கடைசி மூட்டையை எடுக்கிற. நான் இல்ல. திரும்பிப் பார்க்கிற. கேன்டீன்ல உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"நான் இங்க நகம் பேர மூட்டை இழுக்கிறேன், நீ அங்க டீ குடிக்கிற?"

"உனக்கும் ஒண்ணு சொல்லியிருக்கேன். ஆறுது."

வாய்க்கு வந்தபடி திட்டினான். திட்டி முடித்ததும், "இதைத்தான் பகல்ல ஓட்டிப் பார்க்கணுமா?" என்று கேட்டான்.

டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவனுக்கும் அதே கட்டளைகள், அதே கொட்டாவி. "உங்களை யார் எழுப்புவாங்க?" என்று கேட்டார். அவன் என்னைப் பார்த்தான்.

பிறகும் அவன்தான் வந்து என்னை எழுப்பிக்கொண்டிருந்தான். எழுப்ப ஆள் தேவைப்படும் அளவுக்கு அவன் தூங்கவில்லை. ஒரு நாள் நானே விழித்தேன். ஆறு மணி தாண்டியிருந்தது. கதவு உதைபடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தேன்.

அவன் மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். எனக்குத் தங்கச்சி முறை. என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தாள்.

"அண்ணே, தூங்குறார். அந்த ராக் விழுந்ததுல இருந்து இப்பத்தான்." கண் கலங்கியிருந்தது. அலாரக் கடிகாரம் அவள் கையில், துண்டில் சுற்றியிருந்தது.

"எழுப்பணும் தங்கச்சி."

"எழுப்பினீங்க, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

அவளைத் தாண்டி உள்ளே போனேன். சுவர்ப் பக்கம் திரும்பி, ஒரு கால் கட்டிலுக்கு வெளியே தொங்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். கன்னத்தில் தலையணைத் தடம் ஆழமாகப் பதிந்திருந்தது. நானும் இந்தக் குடும்பத்தில்தான் இருக்கிறேன். கொஞ்ச நேரம் கை வரவில்லை. பிறகு எங்கள் வீட்டில் திரிந்துபோன பால் ஞாபகம் வந்தது.

போர்வையை உருவினேன். "எழுந்திருடா கும்பகர்ணா!"

கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். அடையாளம் தெரியக் கொஞ்சம் நேரமானது.

"பாவி" என்றான். "கேன்டீன்ல இருந்த பிஸ்கட்டையெல்லாம் நீயே தின்னுட்ட."

தங்கச்சி என்னோடு பேசவில்லை. மறுநாளும் போனேன். கதவை உள்ளே தாழ் போட்டிருந்தாள். ஜன்னலை மறந்துவிட்டாள்.