பன்னிரண்டு மணிக் குறிப்பு

நவம்பர் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு ஐம்பதுக்கு, அந்திமப் பராமரிப்பு இல்லத்தின் இரண்டாவது மாடி ஏழாம் எண் அறையில், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். அந்த மாதத்தில் அது ஆறாவது மரணம்.

அப்போது அறையில் இருந்தவள் காலை ஷிப்ட் நர்ஸ். வயது நாற்பத்திரண்டு, அங்கே சேர்ந்து பதினோரு வருடம். அவளுக்கு முன்பே ஒரு பெரியக்கா இருந்து ஓய்வு பெற்றுப் போனதால், தலை நரைத்தும் இவள் எல்லோருக்கும் சின்னக்காதான்.

ஓட்டுநரின் கண்களை மூடினாள். ஊசிக் குழாயைக் கழற்றினாள். முகம் துடைத்து, தலை வாரிவிட்டு, மகளுக்கு போன் செய்தாள். மகள் வந்து தோளில் சாய்ந்து விம்மியபோது சின்னக்காவின் கை அந்தப் பெண்ணின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. இன்னும் ஏழு அறை பாக்கி. இதை அனுபவம் என்று அவள் நினைத்திருந்தாள்.

கணவன் போன வாரமே சொல்லியிருந்தான். "வேலைக்கு ஆள் போகுது. திரும்பி வர்றது யூனிஃபார்ம் மட்டும்தான்."

"அதைத் துவைச்சுப் போடு, புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் தாள் செருகிய ஓர் அட்டை தொங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியிடம் வலி எவ்வளவு என்று கேட்டு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அதில் எழுத வேண்டும். சின்னக்கா மூன்று வாரமாகக் கேட்பதை விட்டிருந்தாள். ஒரே நடையில் எல்லா அட்டைகளையும் பிற்பகல் வரைக்கும் நிரப்பிவிடுவாள். யாருக்கு எப்போது வலிக்கும் என்பது அவளுக்கு அத்துப்படி. பெரும்பாலும் சரியாகவும் இருந்தது.

நான்காம் எண் அறையில் ஒரு தையல்காரர். வயிற்றில் புற்றுநோய். அவர் மனைவி வந்ததும் வராததுமாகக் கண்ணாடியை மாட்டி அட்டையைப் படிப்பார். அன்றும் படித்துவிட்டு, அந்தப் பக்கமாகப் போன சின்னக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, பன்னிரண்டு மணிக்கு இவர் தூங்குறார், வலி ஒண்ணுன்னு போட்டிருக்கே. இப்ப பதினொன்னரைதானே ஆகுது? என் கடிகாரம் மக்கர் பண்ணுதா?"

தையல்காரர் தூங்கவில்லை. தலையணை உறையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டுச் சொன்னார்: "துணியே வெட்டல, அதுக்குள்ள பட்டனுக்குக் காஜா எடுத்துட்டியேம்மா."

"எப்பலேருந்து வலிக்குது?"

"பத்து மணியிலேருந்து."

"கூப்பிடுற மணி கைக்கிட்டயே இருக்கே, அடிக்க வேண்டியதுதானே?"

"பார்த்தாலே அளவு சொல்ற கண்ணு இது. தோள்ல உன் சட்டை ரெண்டு இன்ச் தொங்குது. நீ ஓடி வர்ற நிலைமைலயா இருக்கே?"

"இப்ப எவ்வளவு வலி?"

"எட்டு."

மருத்துவர் எழுதிவைத்திருந்த கூடுதல் ஊசியைப் போட்டாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். போர்வையைப் பிடித்திருந்த அவர் விரல்கள் தளர இருபது நிமிடம் ஆனது.

மனைவி கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். "அந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதிடு. கண்ணாடி இல்லாம எனக்கு எழுத்தே தெரியாது."

புதிய தாள் எழுத நான்கு நிமிடம் போதும். வேலையும் போகாது. ஆனால் நாளையும் ஏழு மணிக்கு வந்து, யாரோ தலையணையைக் கடித்துக்கொண்டிருக்கும் கட்டிலைத் தாண்டி நடப்பாள்.

தவறான குறிப்பை அங்கே அழிக்கக் கூடாது. கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடு போட்டு, நேரம் குறித்துக் கையெழுத்திட வேண்டும். சின்னக்கா கோடு போட்டாள். பக்கத்தில் 'கேட்காமல் எழுதியது' என்று எழுதினாள். பிறகு மற்ற ஆறு அறைகளிலும் கேட்டாள். இரண்டு பேருடைய எண் பொருந்தவில்லை. அந்த அட்டைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு தலைமை நர்ஸிடம் போனாள்.

"எத்தனை தடவை?"

"மாட்டினது இன்னிக்குத்தான்."

"நான் அதைக் கேட்கல."

"மூணு வாரமா, மேடம்."

"முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா வீட்டுக்கு அனுப்பிடுவீங்கன்னு பயம்."

"இப்ப மட்டும் என்ன, மாலை போடவா போறேன்? வீட்டுக்குத்தான்." தலைமை நர்ஸ் அட்டைகளை வரிசையாக அடுக்கினார். "கடைசியா உட்கார்ந்து எப்ப சாப்பிட்டே?"

சின்னக்கா விரல்விட்டு நாட்களைப் பின்னோக்கி எண்ணினாள். ஒரு கை தீர்ந்து மறு கைக்குப் போனாள்.

எச்சரிக்கைக் கடிதமும் எட்டு வார விடுப்பும் கொடுத்தார்கள். வாரம் ஒருமுறை மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தாள். தையல்காரர் நவம்பர் பத்தொன்பதாம் தேதி பிற்பகலில் இறந்தார். அட்டையில் அன்றைய கடைசி எண் இரண்டு. எழுதியது வேறொரு நர்ஸ். ஜனவரி ஆறாம் தேதி சின்னக்கா வேலைக்குத் திரும்பினாள். அவளுக்கு எட்டுக்குப் பதில் நான்கு அறைகள் ஒதுக்கப்பட்டன.