சின்னச் சக்கரத்துக்குள் பெரிய பிரேக்

மெக்கானிக் தன் மச்சானுக்குத் தரவேண்டிய பாக்கி பதினெட்டாயிரத்து நானூறு. மச்சானின் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பெரிய பந்தய பிரேக்கை மாட்டி, அதன்மேல் பழைய சின்னச் சக்கரத்தையே பூட்டிக் கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது என்று பேச்சு. முன்பு மாட்டிப் பார்த்த பெரிய சக்கரத்தின் மெல்லிய டயர் குழிக்குக் குழி குலுக்கி மச்சானின் இடுப்பை ஒரு வழி பண்ணியிருந்தது.

“சக்கரம் பிரேக்குல உரசுச்சுன்னா கடன்ல ஒத்தப் பைசா தள்ள மாட்டேன், மாப்ள.”

“நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தாலே பாதி வேலை முடிஞ்சிடும், மச்சான்.”

இடைவெளியை அளக்க, மெக்கானிக் வீட்டிலிருந்து கிள்ளி வந்த பிசைந்த மாவை பிரேக்கின் முகத்தில் அப்பினார். சக்கரத்தைச் சுற்றாமல் பூட்டிக் கழற்றினார். மாவு நசுங்கி இரண்டு காசின் கனத்துக்கு மிஞ்சி நின்றது. இடம் இருக்கிறது! மாவைத் துடைத்துவிட்டு மறுபடி பூட்டிச் சுற்றினால், ‘டக் டக்’ என்றது.

“அதோ, கடன் கதவைத் தட்டுது!” என்றார் மச்சான்.

மெக்கானிக் சக்கரத்தை மறுபடி கழற்றினார். சக்கரத்தின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தவர் சிரித்துவிட்டார். சக்கரம் ஆட்டமில்லாமல் ஓட உள்ளே ஒட்டியிருந்த ஈயத் துண்டுதான் இடித்தது. அதைப் பெயர்த்து உள்விளிம்புக்குத் தள்ளி ஒட்டினார். திரும்பப் பூட்டியதும் சக்கரம் சத்தமே இல்லாமல் சுழன்றது.

தெருமுனை வரை ஓட்டிப் பார்த்த மச்சான், பழைய பிரேக்கை மிதித்த பழக்கத்தில் இதையும் ஓங்கி மிதித்தார். வண்டி நின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடி மட்டும் நிற்கவில்லை.

“கடன் தீர்ந்துச்சு, மாப்ள,” என்றார், காலடியில் கண்ணாடியைத் துழாவிக்கொண்டே.