கலைச்செல்வி கேங்

மிக்ஸர் மெஷினின் வயிற்றில் சிவப்புப் பெயின்டில் 'கலைச்செல்வி கேங்' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதியிருக்கும். கலைச்செல்வி அக்காதான் எங்கள் மேஸ்திரி. கரமனையில் ராமசுப்ரமணியன் சார் வீட்டு மாடிக்கு அன்று கான்கிரீட் வார்ப்பு. கேட்டுக்குள் மெஷினைத் தள்ளும்போது அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்த வார்த்தையை மறைச்சுட்டு உள்ள வாங்கோ. பேப்பர் தரேன், ஒட்டிக்கோங்கோ."

"எந்த வார்த்தை சாரே?" என்றாள் அக்கா.

"கேங். கொள்ளைக் கூட்டத்துக்குச் சொல்றது. நான் அசோசியேஷன் செக்ரட்டரி. தெருவுல என்ன நெனைப்பா? டீம்னு போட்டுக்கப்படாதோ?"

கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனி ராத்திரி ஷிப்ட் வேலையை விட்டு இங்கே வந்தவன் நான். அங்கே நாங்கள் டீம்தான். பக்கத்து நாற்காலிக்காரன் பெயர் கடைசிவரை எனக்குத் தெரியாது.

போனில் தேடிப் படித்தேன். "சார், பழைய இங்கிலீஷ்ல இதுக்கு நடக்கிறது, போறதுன்னு அர்த்தம். அப்புறம் சேர்ந்து போற சாமான். அப்புறம் சேர்ந்து வேலை செய்றவங்க. கெட்ட அர்த்தம் பிறகு ஒட்டிக்கிட்டது."

"அதெல்லாம் பழங்கதை. இப்போ கேக்கறவாளுக்கு என்ன தோணறதோ அதான் அர்த்தம்."

அவர் சொன்னதில் தப்பில்லை. போனைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அக்கா விடவில்லை. "தென்காசியில இருந்து வந்த புதுசுல என்னை ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. தமிழ் ஆளுன்னு இளப்பமா 'ஏ பாண்டி'ன்னுதான் கூப்பிட்டாங்க. இப்ப கலைச்செல்வி கேங்னா ஊருக்குத் தெரியும். ஒட்ட மாட்டேன் சாரே. ஷாஜி, மெஷினைத் திருப்புடே."

"அக்கா, இன்னைக்குச் சம்பளம் போகும் கேட்டோ," என்றான் மெஷின் ஓட்டும் ஷாஜி.

"போகட்டும்டே."

திருப்பினான். தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்தோம். யாரும் முணுமுணுக்கவில்லை.

இந்த ஊர் வார்ப்புக்காரர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கேங் திரும்பிப் போன தளத்தில், காரணம் கேட்காமல் இன்னொரு கேங் ஏறாது. டீ ஆறுவதற்குள் அக்காவின் போன் அடித்தது. இன்னொரு கேங்கின் மேஸ்திரி சுடலைக்கண்ணு.

"மைனி, கரமனையில ஒரு சாமி கூப்பிடுதாரு. நீங்க ஏன் திரும்புனீங்க?"

அக்கா சொன்னாள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது.

"நம்ம மெஷின்லயும் அதானே எழுதிருக்கு! எங்களையும் பேப்பர் ஒட்டச் சொல்லுவாரோ? நான் ஏறல மைனி. மத்தவங்ககிட்டயும் சொல்லிருதேன்."

கடல் பக்கம் வானம் கறுத்தது. பலகை அடித்து, கம்பி கட்டிய தளம் திறந்து கிடந்தது; மழைக்கு முன் வார்க்க வேறு கேங்கும் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் ராமசுப்ரமணியன் சார் குடையோடு டீக்கடைக்கே வந்துவிட்டார்.

"சரி, வாங்கோ. எழுத்து இருந்துட்டுப் போறது."

அக்கா எழுந்திருக்கவில்லை. "யார் வேலைக்கு வந்திருக்காங்கன்னு பக்கத்து வீட்டுல கேட்டா?"

கடைக்காரர் டீ ஆற்றும் கையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"கலைச்செல்வி கேங் வந்திருக்குன்னு சொல்றேன்."

"எந்திரிங்கடே," என்றாள் எங்களிடம்.

மெஷினை உள்ளே தள்ளி, எழுத்து தெருவைப் பார்க்கும்படி நானும் ஷாஜியும் திருப்பி நிறுத்தினோம்.