பென்சில் கோடு

மூன்றாவது பொத்தான் வரை போட்டாயிற்று. நான்காவது எட்டவே இல்லை. தம்பி சட்டையின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுத்தான். மூத்தவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

“இழுக்காதடா. அவருக்கு வலிக்கும்.”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அப்பாவின் உயிர் காலையிலேயே போய்விட்டது. தம்பியும் கையை எடுத்துக்கொண்டான்.

கடைசி நாட்களில் உடம்பில் நீர் கோத்து, ஒட்டிப்போயிருந்த வயிறும் நெஞ்சும் ஊதிவிட்டன. வெளிர்நீலச் சட்டை, தம்பி கல்யாணத்துக்கு அவளே தைத்தது. மனுஷனிடம் உருப்படியாக இருந்த ஒரே சட்டை. மற்றதெல்லாம் தச்சுப்பட்டறைக்குப் போட்டுப் போட்டு, பசையும் வார்னிஷும் காய்ந்து விறைத்தவை.

“பின்னால கிழிச்சு விட்டுடலாம்க்கா. படுத்திருக்கறப்ப யாருக்குத் தெரியப் போகுது?”

“எனக்குத் தெரியும்ல? எங்கப்பாவைக் கிழிஞ்ச சட்டையோட அனுப்ப மாட்டேன். முதுகை வெட்டி ஒட்டுத்துணி வச்சா பொத்தான் போட வரும்.”

“மதியம் வண்டி வந்துடும். நீ உன் வீட்டுக்குப் போய் எப்பத் தச்சு, எப்ப வர்றது?”

கதவோரம் நின்ற தம்பி மனைவி மெல்லச் சொன்னாள்: “உள்ள மெஷின் இருக்கே அண்ணி.”

இருக்கிறது. இருப்பது மூத்தவளுக்குத் தெரியாதா என்ன? பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவளே அவள்தானே!

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில் ஒருநாள் அப்பா வண்டியைத் தையல் மெஷின் கடை வாசலில் நிறுத்தச் சொன்னார். “புதுசா கத்துக்கற ஆளுக்கு ஒண்ணு வாங்கணும். நீயே பாத்து எடும்மா.” யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? அவள் மகள்தான் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு ‘மெஷின், மெஷின்’ என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாளே. மூத்தவளின் மெஷினையோ வீட்டில் யாரும் தொடக் கூடாது. அது பிழைப்பு.

கடைக்காரர் பூப்போடுகிற மெஷின், பேர் எழுதுகிற மெஷின் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். “முதல்ல ஒரு தையல் ஒழுங்கா வரட்டுங்க” என்று அவள் அவர் வாயை அடைத்தாள். பெடலைத் தொட்டதும் பாய்கிறதை ஒதுக்கினாள். கற்றுக்கொள்கிறவள் பயந்து, அப்புறம் பக்கத்திலேயே போக மாட்டாள். தக்கையாக இருந்ததையும் ஒதுக்கினாள். தடித்த துணி வைத்தால் அது மேசைமேல் நடக்க ஆரம்பித்துவிடும். கடைசியில் ஒன்று அகப்பட்டது. உள்ளே இரும்பு, ஆனாலும் ஒரு பெண் தனியாகத் தூக்கி வைக்கலாம். வேகத்தைக் குறைத்து வைக்க ஒரு திருகு இருந்தது. பாபின்மேல் கண்ணாடி மாதிரி மூடி இருந்ததால், அடிநூல் தீரப்போவது முன்னாலேயே தெரியும். நூலைக் கோத்து, உருவி, மறுபடியும் கோத்துப் பார்த்தாள். அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு முதமுதல்ல ஒண்ணு வாங்கறதா இருந்தா இதைத்தான் எடுத்திருப்பியா?”

“இதையேதான்ப்பா.”

“அப்ப இதுவே இருக்கட்டும்.”

பதினாறு வயதில் அவள் கேட்டபோது, “மெஷின் வந்தா படிப்பு போயிடும்” என்று ஒரே பேச்சில் முடித்த அதே அப்பா! படிப்பும் போயிற்று, மெஷினும் வரவில்லை. உடுப்புத் தைக்கிற கம்பெனியில் சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கி வாங்கித்தான் அவள் தொழில் கற்றாள். போகட்டும், பேத்திக்காவது செய்கிறாரே என்று அன்று கடையில் அவள் நினைத்துக்கொண்டாள்.

மெஷின் அவள் வீட்டுக்கு வரவில்லை. கேட்டு எடுத்துப்போகலாம் என்று, மகளுக்காகக் கலர் கலராக நூல்கண்டுகளும் வாங்கிக்கொண்டு இங்கே வந்தாள். ஜன்னலோரம் மேசைமேல் மெஷின் இருந்தது. அதன் முன்னால் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து வருஷம்கூடத் திரும்பாதவள், ஊசியில் நூல் கோக்க நாக்கைத் துருத்துகிறவள்! “மாமா வாங்கிக் குடுத்தாரு அண்ணி” என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள். மூத்தவள் பையைத் திறக்காமலே ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். வழியெல்லாம் வயிறு எரிந்தது. பொறாமைதான், பின்னே என்ன? அதற்குப் பிறகு அப்பாவைப் பார்க்க வரும்போதெல்லாம் அந்த அறைப்பக்கம் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது சட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு அதே அறைக்குள் போனாள். தான் தைத்த சட்டையின் முதுகைத் தானே நடுவில் வெட்டினாள்.

“ஒட்டுக்கு ஏதாவது துணி இருக்கா?”

தம்பி மனைவி மேசை இழுப்பறையைத் திறந்தாள். திறந்த வேகத்தில் மூடினாள். அப்படி மூடாமல் இருந்திருந்தால் மூத்தவள் கவனித்திருக்கவே மாட்டாள். அவள் கையை விலக்கிவிட்டுத் தானே திறந்தாள்.

பழைய வெள்ளைப் போர்வையில் கிழித்த துணி. முழுக்கப் பென்சில் கோடுகள். எந்நேரமும் காதில் செருகியிருக்கும் பட்டைப் பென்சிலால் போட்ட தடித்த கோடுகள். அந்தப் பென்சிலால்தான் தெருவே அப்பாவைப் ‘பென்சில்காரர்’ என்றது. முதலில் நேர்கோடுகள், அப்புறம் வளைவுகள். நடுவில் சில கோடுகளின்மேல் தையல் ஓடியிருந்தது. குடித்தவன் நடந்த மாதிரி கோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக.

“யாரு போட்டது?” தெரிந்தேதான் கேட்டாள்.

“மாமாதான் அண்ணி. முடியாத நாள்லகூட பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்துப்பாரு. ‘கோட்டைப் பாரும்மா, ஊசியைப் பாக்காத’ன்னு சொல்லிட்டே இருப்பாரு.”

மூத்தவள் ஸ்டூலைப் பார்த்தாள். அது மெஷினுக்கு மிகப் பக்கத்தில் கிடந்தது.

“என் தையலைப் பாத்துச் சிரிப்பாரு. ‘என் பொண்ணு கோடே இல்லாம தைப்பா, தெரியுமா’ன்னு ஒரே பெருமை.”

“கோடு போட்டுக் குடுக்க எனக்கு யாரு இருந்தா?”

தம்பி மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. மூத்தவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.

“அது வேணாம் அண்ணி. அவர் கையால போட்டது. நான் வச்சுக்கறேனே. வேற துணி தர்றேன்.”

“வெள்ளைதான் சரியா வரும்.”

பச்சைப் பொய். முதுகுக்கடியில் கிடக்கப்போகிற துணி சிவப்பாக இருந்தால்தான் என்ன? இந்தத் துணி இவளிடம் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்பாவோடு போகட்டும். சட்டை நீளத்துக்கு அகலமான பட்டையாக வெட்டினாள். நடுவில் அந்தக் கோணல் தையல், இரண்டு ஓரத்திலும் இன்னும் தைக்காத நேர்கோடு ஒவ்வொன்று.

பெடலை அழுத்தினாள். நாலு தையல் போவதற்குள் அடியில் நூல் கொத்தாகச் சிக்கியது.

“எனக்கும் இப்படித்தான் ஆகுது” என்றாள் தம்பி மனைவி, அழுகையோடு.

“துணியை அழுத்தற பாதத்தை இறக்கி வச்சுட்டே நூல் கோத்திருக்க. தூக்கிட்டுக் கோக்கணும். இல்லேன்னா நூல் உள்ள போய் உக்காராது.” சொல்லித்தரக் கூடாது என்றுதான் இருந்தாள். கை பார்த்த கோளாறை வாய் சொல்லிவிட்டது.

கோத்து மறுபடி அழுத்தினாள். ஓடியது. அதிரவில்லை, பாயவில்லை. கால் கேட்ட வேகத்தில் ஓடியது. பதினாறு வயதில் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று நினைத்துக்கொண்டது மாதிரியே ஓடியது. ஊசி அப்பாவின் கோட்டில் இறங்கி இறங்கிப் போயிற்று. இத்தனை வருஷத் தொழிலில் எத்தனை துணி தைத்திருக்கிறாள்! ஒருநாளும் இப்படிப் பயந்து பயந்து தைத்ததில்லை. பாதிக் கோட்டில் கண்ணீர் மறைத்தது. பெடலிலிருந்து காலை எடுத்து, புறங்கையால் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலேயே தொடங்கினாள். கடைசிவரை கோடு தவறவில்லை. அடுத்த ஓரமும் தவறவில்லை.

துணியில் உள்ளங்கை அகலம் மிஞ்சியது. அதில் ஒரு வளைவு இருந்தது, யாரும் தைக்காதது. தம்பி மனைவி மூக்கைச் சிந்தத் திரும்பிய நேரத்தில் மூத்தவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“மிச்சம் இருக்கா அண்ணி? துண்டாவது?”

“இல்ல. தீந்துடுச்சு.”

சட்டை சரியாக வந்தது. எல்லாப் பொத்தானும் போட்டு, காலரைத் தடவிவிட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் அப்பா கல்யாணத்துக்குக் கிளம்பிப் படுத்திருப்பதுபோல இருந்தார்.

வண்டி வந்தது. தம்பியும் பட்டறை ஆட்களும் தலைமாட்டைப் பிடித்தார்கள். மூத்தவள் கால்மாட்டில் குனிந்து தூக்கினாள். வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் இடுப்பில் பட்டது. தம்பி மனைவி. துருத்திக்கொண்டிருந்த வெள்ளைத் துணியின் முனையை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.

“வெளிய தெரியுது அண்ணி” என்று சொல்லிவிட்டு, முன்னால் ஓடிப்போய் வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.